யாரோ டம்மியைப் படித்துவிட்டார்கள்

டம்மியை யாரும் படிக்க மாட்டார்கள். புத்தகத் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே இதைத்தான் சொல்வார்கள். எழுத்தாளர் கைப்பிரதி கொடுப்பதற்கு முன்பே புத்தகத்தைச் சந்தையில் காட்ட வேண்டுமென்றால் டம்மிதான் கதி. அட்டை மட்டும் அசல், பளபளவென்று, பெயரெல்லாம் தங்க எழுத்தில். உள்ளே முப்பத்திரண்டு பக்கத்துக்கு ஏதோ ஒரு எழுத்து. அதற்குப் பிறகு புத்தகம் கனமாகத் தெரிவதற்காக வெறும் வெள்ளைத்தாள். வாங்க வருகிறவர் கையில் எடுப்பார், தூக்கிப் பார்ப்பார், அட்டையைத் தடவுவார், வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அந்தப் பதிப்பகத்தில் டம்மி செய்வது சின்னவளின் வேலை. பதிப்பகம் என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மாடியில் குடித்தனம், கீழே தொழில், அவ்வளவுதான். அண்ணன் பதிப்பாளர். அண்ணன் பெண்டாட்டி, அதாவது பெரியவள், பிழை திருத்துபவள். தம்பி பின்பக்கத் தகரக் கொட்டகையில் அச்சு இயந்திரத்தையும் பைண்டிங் மேசையையும் கட்டிக்கொண்டு அழுகிறவன். தம்பி பெண்டாட்டி சின்னவள். நடு அறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களுக்கும் பக்கம் வடிவமைப்பவள். நாலு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே தொழில். சண்டை வந்தாலும் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்க வேண்டும்.

முன்பெல்லாம் அவள் டம்மிக்குள் கைக்குக் கிடைத்ததைப் போட்டு ரொப்புவாள். ஒரு தடவை காதல் நாவலின் டம்மிக்குள் மலச்சிக்கல் பற்றிய மருத்துவப் புத்தகத்தின் பக்கங்கள் போய்விட்டன. மூன்று சந்தை பார்த்த டம்மி அது. ஒரு மனிதர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவள்தான் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த வருடம் சங்கதி வேறு. வெளிநாட்டில் நடக்கும் பெரிய புத்தகச் சந்தையில் அண்ணனுக்கு முதல்முறையாகச் சொந்த மேசை கிடைத்திருந்தது. மொழிபெயர்ப்பு உரிமை விற்கிற இடம் அது. கொண்டுபோவது பெரும்புள்ளியின் புது நாவல். அந்த எழுத்தாளருக்கு இவர்கள் வீட்டில் வைத்த பட்டப்பெயர் பெரும்புள்ளி. ஊரெல்லாம் பேர்தான், ஆனால் எந்த நாவலுக்கும் லேசில் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். கைப்பிரதி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று கடைசிவரை வரவில்லை.

"உரையாடல் இருக்கட்டும்மா, பாக்குறதுக்கு நாவல் மாதிரி தெரியணும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் பயண வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சின்னவள் முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். கம்ப்யூட்டரில், தானாகவே கதை எழுதித் தருகிற மெஷினிடம் கேட்டாள். அது கண்மூடித் திறப்பதற்குள் கொட்டிக் கொடுத்தது. மழை பெய்தது, ஒரு பெண் ஜன்னலோரம் நின்றாள், பெருமூச்சு விட்டாள். இரண்டாம் பக்கத்திலும் மழை, ஜன்னல், பெருமூச்சு. நாலாம் பக்கத்தில் அந்தப் பெண்ணை ஜன்னலோடு சேர்த்துத் தூக்கி எறிய வேண்டும் போல் அவளுக்கு எரிச்சல் வந்தது. அத்தனையையும் அழித்துவிட்டு, அன்று காலை வீட்டில் நடந்த சண்டையை அப்படியே அடித்தாள். தண்ணீர் மோட்டார் சுவிட்சை யார் அணைக்காமல் விட்டது என்கிற சண்டை. அடிக்க அடிக்கக் கை நிற்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட "இதோ வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு அடித்துக்கொண்டே இருந்தாள். பெயர் போடக் கூச்சமாக இருந்ததால் தொழிலிலிருந்தே எல்லாருக்கும் பெயர் எடுத்தாள்.

அண்ணனுக்கு முன்னுரை என்று பெயர். தண்ணீர் கேட்பதற்குக்கூட நாலு வரி முன்னுரை போடுகிற மனிதர். பெரியவளுக்குப் பிழைதிருத்தம். தன் கணவனுக்கு அடிக்குறிப்பு. எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, கீழே, சின்ன எழுத்தில், ஆனால் உண்மையைச் சொல்கிறவன். முப்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இடம் தீர்ந்துபோனது. வாக்கியம் பாதியில் நின்றது. நின்றால் என்ன, டம்மிதானே? அப்படியே கணவனிடம் அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

சந்தை தொடங்கி மூன்றாம் நாள் அண்ணனின் போன் வந்தது. இங்கே விடாத மழை. ஈரக் காற்றில் தாளெல்லாம் நமத்துப்போய், பைண்டிங் பசை காயாமல், தம்பி புத்தகக் கட்டுகளை நடு அறைக்கே தூக்கி வந்து மின்விசிறிக்கு அடியில் பரப்பியிருந்தான். மூன்று பேரும் அந்தக் கட்டுகளுக்கு நடுவில் நின்றே டீயும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாரும் இருக்கீங்களா? முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் இப்ப சொல்லப்போறது சாதாரண விஷயம் இல்ல. இதை நீங்க எப்படி எடுத்துக்கணும்னா..."

"விஷயத்தச் சொல்லுங்க" என்றாள் பெரியவள்.

"சொல்றேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தச் சந்தை நிலவரம் உங்களுக்குத் தெரியணும். இங்க எந்த மேசைக்குப் போனாலும் மெஷின் பேச்சுதான். ஒரு பெரிய கம்பெனிக்காரன் வந்து, உங்க புத்தகம் அத்தனையும் குடுங்க, மெஷின்ல போட்டு மூணு மாசத்துல மொழிபெயர்த்துக் குடுத்துடறேன்னு சொல்றான். இன்னொரு பக்கம் எழுத்தாளருங்க, எங்க புத்தகத்தக் கேக்காமலே மெஷினுக்குத் தீனி போட்டுட்டாங்கன்னு கேஸ் போட்டிருக்காங்க. இந்த நிலவரத்துலதான், ஒரு பதிப்பாளர் அம்மா..."

"ஏங்க!"

"நம்ம நாவல் வேணுமாம்! மொழிபெயர்ப்பு உரிமை கேக்குறாங்க!" என்று அண்ணன் கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது.

பெரியவள் ரொட்டியைக் கீழே போட்டாள். தம்பி "அட்றா சக்கை!" என்று ஒரு கட்டைத் தட்டினான். சின்னவளுக்கும் வாயெல்லாம் பல். பல வருடம் காத்திருந்த வாய்ப்பு இல்லையா!

"அந்தம்மா கூட நம்ம மொழி தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு, மொழிபெயர்க்கிற பொண்ணு. நேத்து சாயங்காலம் டம்மிய எடுத்துட்டுப் போய் ஒரே மூச்சுல படிச்சிருக்கு!"

"டம்மியையா?" மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"டம்மியைத்தான்! பெரும்புள்ளி முதல் அத்தியாயத்தக் குடுத்துட்டார்னு நீங்க யாருமே எங்கிட்ட சொல்லலையே? மனுஷன் பின்னிட்டாராம்! அதுல முன்னுரைன்னு ஒரு கேரக்டராம். வாயத் தொறந்தா முன்னுரைதானாம், விஷயத்துக்கே வரமாட்டானாம்! அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த மாதிரி ஒரு ஆள எனக்குத் தெரியும். யாருன்னுதான் சட்டுனு ஞாபகத்துக்கு வரல."

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் கணவன் பெரிதாக இருமினான். பெரியவள் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள்.

"ரெண்டே ரெண்டு கண்டிஷன்" என்று அண்ணன் தொடர்ந்தார். "இது மெஷின் எழுதினது இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இப்ப அவங்க எல்லா ஒப்பந்தத்துலயும் அது உண்டாம். அப்புறம் எழுத்தாளரோட வீடியோல ஒரு வார்த்தை பேசணும். நான் இப்பவே பெரும்புள்ளியக் கூப்பிடுறேன். வைக்கட்டா?"

வைத்துவிட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்ப அடித்தது. இந்தத் தடவை அண்ணனின் குரலில் பாதி உயிர்தான் இருந்தது.

"பெரும்புள்ளி இன்னும் முதல் வரியே எழுதலையாம்மா. முன்னுரையா, யார் அதுன்னு எங்கிட்டயே கேக்குறார். சின்னவ இருக்கியா? நீதானே பக்கம் போட்டே? அது எங்கேருந்து வந்துச்சு?"

சின்னவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மெஷின்ல எடுத்தியாம்மா? பயப்படாம சொல்லு. டம்மிதானேன்னு போட்டிருப்பே, தப்பு உன்மேல இல்ல. ஆனா மெஷின் எழுதினதக் கொண்டாந்து மனுஷன் எழுதினதுன்னு வித்தேன்னு இங்க தெரிஞ்சா அவ்வளவுதான், நம்ம மானம் கப்பலேறிடும். அடுத்த வருஷம் எவனும் நம்ம மேசைப் பக்கம் வரமாட்டான்."

"மாமா, அது வந்து..."

"பெரும்புள்ளி ஒரு யோசனை சொன்னார். அவ்வளவு நல்லா இருந்தா நானே எழுதினதா வெச்சுக்குவோம், மீதியும் எழுதித் தர்றேன்னார். அவர் பேரு அட்டையில ஏற்கெனவே இருக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல. அரை மணி நேரத்துல அந்தம்மா மேசைக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லும்மா."

போன் அணைந்தது. சின்னவள் தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மெஷின் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் பதிப்பகத்தின் பேர் கெடும். பேசாமல் இருந்தால் பெரும்புள்ளி அள்ளிக்கொண்டு போய்விடுவார். நான்தான் என்றால், தனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க சின்னவ மாதிரி பக்கம் போட ஆள் கிடையாது" என்று சொல்லித் திரிகிற மனிதரை, உலகச் சந்தையில் வைத்துச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவள் தான் என்றாகும். இத்தனைக்கும் நடுவில் அவளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. யாரோ ஒரு பெண், முன்பின் தெரியாதவள், ஒரே மூச்சில் படித்திருக்கிறாள்!

"ஏங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் கணவனிடம்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

அவன் புத்தகக் கட்டைத் திருப்பி வைத்தான். "பைண்ட் பண்ணும்போது படிச்சேன். பசை காயற வரைக்கும் சும்மாதானே நிக்கணும். அடிக்குறிப்புன்னா நான்தானே?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. "கோவமா?"

"எதுக்கு? அடிக்குறிப்ப எல்லாரும் தாண்டிட்டுப் போயிடுவாங்க. நீ நின்னு படிச்சிருக்கே" என்றான் அவன், வழக்கம் போல வாய்க்குள்ளேயே.

"ரெண்டு பேரும் கொஞ்சினது போதும்" என்றாள் பெரியவள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாள். டம்மியின் அதே முப்பத்திரண்டு பக்கம். ஓரமெல்லாம் சிவப்பு மசி.

"அக்கா! டம்மியப் போயி யாராவது பிழை திருத்துவாங்களா?"

"எழுத்துன்னு ஒண்ணு கண்ணுல பட்டா எனக்குக் கை சும்மா இருக்காதுன்னு நீயே எழுதி வெச்சிருக்கியே. மொத்தத்துல ரெண்டே தப்பு. ஒண்ணு ஒற்றுப் பிழை. இன்னொண்ணு தகவல் பிழை. ஆஸ்பத்திரியில ஊசி போடக் காத்திருந்தப்போ சுவத்துல இருந்த அறிவிப்ப நான் பேனாவால திருத்தினேன்னு எழுதியிருக்கே. ஊசி இல்லடி, ட்ரிப்ஸ். ஏறிக்கிட்டிருந்த ட்ரிப்ஸ் கம்பியோட தள்ளிக்கிட்டுப் போய்த் திருத்தினேன். எழுதறதுன்னா சரியா எழுது!"

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"அப்ப மாமா? மாமா படிச்சா என்னக்கா ஆகும்?"

பெரியவளின் முகம் கொஞ்சம் இறங்கியது. "அதைத்தான் என்னாலயும் சொல்ல முடியல. மனுஷன் ஊருக்கெல்லாம் புத்தகம் போட்டாரே தவிர, அவர யாரும் எழுதினதில்ல. ஆனா ஒண்ணு. அந்தப் பெரும்புள்ளி வந்து உன் வரிக்குச் சொந்தம் கொண்டாடினா, நான் இனிமே அந்தாளுக்கு ஒரு கால்புள்ளிகூடத் திருத்த மாட்டேன். நீ என்ன பண்ணப்போறே?"

"அது என்னோடதுக்கா" என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது முழுசாகக் கேட்டது. "மெஷினோடதும் இல்ல, அவரோடதும் இல்ல. நானே சொல்லிடுறேன்."

வீடியோ அழைப்பு வந்தபோது அவள் முடியைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. பெரியவள் ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம். திரையில் ஒரு சின்ன மேசை, பின்னால் அலை அலையாய் ஆட்கள். நடுவில் கோட்டுப் போட்ட அண்ணன். அவருக்கு வலது பக்கம் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பதிப்பாளர் அம்மா. இடது பக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட மொழிபெயர்ப்புப் பெண், டம்மியை நெஞ்சோடு அணைத்தபடி. பெரும்புள்ளி எழுதவில்லை என்பதை மட்டும் அண்ணன் அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். அதுவரை அவர் அவர்களிடம் அவர்கள் மொழியில்தான் பேசிவந்தார். அந்த மொழியில் முன்னுரை போடும் அளவுக்கு அவருக்குச் சரக்கு கிடையாது. அதனால் அவரை எல்லாரும் ரத்தினச் சுருக்கமாகப் பேசுகிறவர் என்று நினைத்திருந்தார்கள்.

"சொல்லும்மா" என்றார் அண்ணன். "யார் எழுதினது?"

"நான்தான் மாமா."

"நீயா?"

"பக்கத்த ரொப்பறதுக்காக எழுத ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. மெஷின் இல்ல. வேற எங்கயும் எடுக்கல. ஒவ்வொரு எழுத்தும் நானே அடிச்சது."

அண்ணன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பதிப்பாளர் அம்மாவைப் பார்த்து, பதற்றத்தில் தன் சொந்த மொழியிலேயே தொடங்கினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இது மெஷின் எழுதினதான்னு கேட்டீங்க. அதுக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி, மெஷின்னா என்ன, எழுத்துன்னா என்ன, இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ங்கறத நாம எப்படிப் பாக்கணும்னா..."

மொழிபெயர்ப்புப் பெண்ணின் கண்கள் விரிந்தன. கையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்காமல் சிரிப்பு பீறிட்டது. பதிப்பாளர் அம்மாவின் தோளை உலுக்கி, அண்ணனைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்த அம்மா ஒரு நொடி விழித்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸாரி சார், ஸாரி" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதுக்கு மேல எங்களுக்கு ஒரு அத்தாட்சியும் வேணாம். எந்த மெஷினாலயும் உங்கள எழுத முடியாது. இவர்தான்னு மேடத்துக்கிட்ட சொன்னேன்."

"நானா? எவர்தான்?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு விளங்கிவிட்டது. சிவந்திருந்த முகம் வெளுத்தது. நடு அறையில் சின்னவள் கணவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் கையை நீட்டினார். அந்தப் பெண் டம்மியைக் கொடுத்தாள். இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக அவர் ஒரு டம்மியைத் திறந்து படித்தார். மோட்டார் சண்டையைப் படித்தார். தண்ணீர் கேட்ட கதையைப் படித்தார். உதடு துடித்தது, சிரிப்பா, கோபமா, தெரியவில்லை. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார்.

"இருபத்தாறாம் பக்கத்தப் பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "நான் அழுதது அங்கதான்."

சின்னவளுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோன காலையில், வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னவர் அண்ணன்தான். நேராக வந்து எதிரே உட்கார்ந்தார். மனுஷ வாழ்க்கை என்றால் என்ன, வயசு என்றால் என்ன, உன் அப்பா எப்பேர்ப்பட்ட ஆள் என்று பேசிக்கொண்டே போனார். அவர் விஷயத்துக்கு வருவதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்து, அழுது, மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்துகொள்ள நேரம் கிடைத்திருந்தது. முன்னுரை போடுகிறவர்கள் எல்லாரும் விஷயம் தெரியாதவர்கள் இல்லை, சிலர் அடி நம்மேல் மெதுவாக விழட்டும் என்று பார்க்கிறவர்கள் என்று அவள் எழுதியிருந்தாள்.

அண்ணன் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரும்ப அதையே படித்தார்.

"உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி" என்று மொழிபெயர்ப்புப் பெண் திரைக்குள் குனிந்து சின்னவளைக் கேட்டாள். "கடைசிப் பக்கத்துல, 'முன்னுரை இல்லாமல் அவர் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு அவர் சொன்னது' அப்படின்னு நிறுத்திட்டீங்க. அப்புறம் ஒரே வெள்ளைத்தாள்! எனக்குத் தூக்கமே வரல. அன்னைக்கு என்ன சொன்னார்?"

"எனக்கே தெரியாதுங்க" என்றாள் சின்னவள். "அப்படி ஒரு நாள் இன்னும் வரல. இடம் தீந்துபோச்சு, விட்டுட்டேன்."

பதிப்பாளர் அம்மா ஏதோ கேட்டார். அந்தப் பெண் சொன்னாள்: "மீதி இருக்கான்னு மேடம் கேக்கறாங்க. எழுதுவீங்களான்னு கேக்கறாங்க."

சின்னவள் திரையில் அண்ணனைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் எழுதப்போகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்கள். இரண்டு பேர் பக்கத்தில் நின்று சரி சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் சரி சொல்லாமல் அவளால் ஒரு வரிகூட அடிக்க முடியாது. "மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் டம்மியை மூடினார். அட்டையில் தங்க எழுத்தில் இருந்த பெரும்புள்ளியின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பெரியவள் தன்னையறியாமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நீளமாக வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா!

"எழுதும்மா" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. நடு அறையில் மூன்று பேரும் இன்னும் வருமென்று காத்திருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் இருந்த பெயரைக் குறுக்கே அடித்துவிட்டுச் சின்னவளின் பெயரை எழுதத் தொடங்கினார்.

பதிப்பாளர் அம்மா என்னவென்று கேட்டிருக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பெண் அந்த ஒற்றைச் சொல்லை அவர் காதில் சொல்லிவிட்டு, சட்டென்று திரையைப் பார்த்தாள். "இதுதானா?" என்று கத்தினாள். "அன்னைக்குச் சொன்னது இதுதானா?"

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் திருப்பி, டம்மியின் கோப்பைத் திறந்து, முப்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசிக்குப் போனாள். பாதியில் நின்ற வரிக்குப் பக்கத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைதாண்டி" என்றாள். "அதையாவது தப்பில்லாம அடி."